பிராட்ஹெட் நேராகப் பறக்க காம்பவுண்டு வில்லையும் அம்பையும் டியூன் செய்வது எப்படி

பயிற்சிக்கான சாதாரணக் கூர்முனையான ஃபீல்டு பாயிண்ட் மாட்டி எய்யும்போது எல்லா அம்புகளும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குத்துகின்றன. அதே அம்புகளில் வெட்டும் தகடுகள் உள்ள வேட்டை முனையான பிராட்ஹெட்டை மாட்டியதும் ஒரு சாண் இடது பக்கமாகவோ கீழேயோ போய் விழுகின்றன. காம்பவுண்டு வில் (நுனிகளில் சக்கரங்களும் கேபிள்களும் உள்ள நவீன வில்) வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் என்றாவது ஒரு நாள் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் செய்கிற முதல் வேலை, வில்லில் குறி பார்க்கும் கருவியான சைட்டை நகர்த்துவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சைட்டை நகர்த்தினால் அம்பு குறியில் விழும், ஆனால் கோணலாகப் பறந்து வந்து விழும். கோணலாகப் பறக்கும் அம்பு கொஞ்சம் காற்று அடித்தாலே வேறெங்கோ போகும். குத்தும்போதும் தண்டு முனைக்கு நேர் பின்னால் இல்லாததால், உள்ளே இறங்க வேண்டிய விசை தண்டை வளைப்பதில் வீணாகிவிடும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் உரிமத்தோடு வேட்டைக்குப் போகிறவர் இதை அலட்சியமாக விட்டால், ஒரு விலங்கு உடனே சாகாமல் அடிபட்டுத் துடிக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பிராட்ஹெட் புதிதாக ஒரு தவறையும் உண்டாக்குவதில்லை. வில்லிலோ அம்பிலோ பிடியிலோ ஏற்கெனவே இருந்த தவறைத்தான் அது வெளியே காட்டுகிறது. வில்லை விட்டுக் கிளம்பும்போது அம்பின் வால் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தாலும், ஃபீல்டு பாயிண்ட் வழவழப்பாக இருப்பதால் பின்னால் இறகு போல ஒட்டியிருக்கும் வேன்கள் கொஞ்ச தூரத்திலேயே அதை நிமிர்த்திவிடும். நமக்கு எதுவும் தெரியாது. பிராட்ஹெட்டில் முன்னாலும் தகடுகள் இருக்கின்றன. பின்னால் சுக்கான் உள்ள படகுக்கு முன்னாலும் ஒரு சுக்கான் வைத்த மாதிரி, அம்பு சாய்ந்து கிளம்பினால் முன்னால் உள்ள தகடுகள் காற்றைப் பிடித்து மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தகடு பெரிதாகப் பெரிதாக இந்த இழுப்பு கூடும், வேகம் கூடக் கூட இன்னும் கூடும். நிலையான தகடுள்ள முனைகள் நொடிக்கு 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது சின்னப் பிசகைக்கூடப் பொறுப்பதில்லை. பறக்கும்போது மடங்கியிருந்து குத்தும்போது விரியும் மெக்கானிக்கல் முனைகள் இதில் கொஞ்சம் தாராளம்தான். அதை நம்பி டியூன் செய்யாமல் விடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் கோணலாகப் போய்க் குத்தும் அம்பு எந்த முனையை மாட்டியிருந்தாலும் சரியாக உள்ளே இறங்காது.

வில்லைத் தொடும் முன் கையைப் பாருங்கள்

டியூனிங்கில் பாதி நேரம் வீணாவது இங்கேதான். வில்லை இறுக்கிப் பிடித்தால் கைப்பிடி உள்ள நடுச்சட்டமான ரைசர் ஒரு பக்கம் முறுகும். அந்த முறுக்கு அம்பின் வாலை ஒரு பக்கம் தள்ளும். அதைப் பார்த்துவிட்டு அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை நகர்த்த ஆரம்பித்தால் முடிவே இல்லை. கைப்பிடி உள்ளங்கையின் நடுவில் உட்காரக் கூடாது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைப்பற்றான மேட்டில், உள்ளங்கை ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமாக உட்கார வேண்டும். விரல் கணுக்கள் வில்லுக்குச் சுமார் 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும், விரல்கள் தளர்ந்து கிடக்கட்டும். வில் கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் மணிக்கட்டில் ஒரு வார் கட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பயம்தான் பலரை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது.

அடுத்து முகம். நாணை மூக்கிலும் கன்னத்திலும் அழுத்தி வைப்பவர்கள் நிறையப் பேர். லேசாகத் தொட்டால் போதும். அழுத்தினால் நாண் பக்கவாட்டில் தள்ளப்பட்டு அம்பின் வாலும் அதோடு போகும். நாணை இழுக்கும் தூரமான டிரா லெங்த் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் இந்த அழுத்தம் தானாகவே வந்துவிடும், தோளும் பின்னால் சாயும். அதனால் டிரா லெங்த் சரியாக இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாணை இழுக்கத் தேவைப்படும் விசையான டிரா வெயிட்டும் அப்படித்தான். வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கி இழுக்க வேண்டியிருந்தால் எடை உங்களுக்கு அதிகம், இரண்டு மூன்று பவுண்டு குறைத்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை.

தவறு கையில் இருக்கிறதா வில்லில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரி விலகல் ஒவ்வொரு அம்பிலும் வந்தால் பெரும்பாலும் வில் அல்லது அம்பு. ஒன்று இடது, ஒன்று வலது, ஒன்று சரி என்று மாறி மாறி வந்தால் அது கை. கை நிலைக்கு வரும் வரை ஒரு திருகையும் தொட வேண்டாம்.

வில்லின் அடிப்படை

நாணையும் கேபிள்களையும் முதலில் பாருங்கள். இழை பிரிந்திருந்தாலோ மேலே சுற்றியிருக்கும் நூல் நகர்ந்திருந்தாலோ புதிதாக மாற்றிவிட்டு, கொஞ்ச நாள் எய்து அது நீண்டு நிலைக்கு வந்த பிறகுதான் டியூனிங். புது நாணை மாட்டிய அன்றே டியூன் செய்தால் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்புறம் அளவுகள். வில்லின் நுனிகளில் சக்கரங்கள் சுழலும் இரண்டு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள பிரேஸ் ஹைட்டையும் அளந்து, தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். வில்லின் வளையும் கைகளான லிம்ப்களை ரைசரோடு பிணைக்கும் மேல் லிம்ப் போல்ட்டும் கீழ் லிம்ப் போல்ட்டும் ஒரே அளவு சுற்றில் இருக்க வேண்டும். இரண்டையும் முழுக்க இறுக்கிவிட்டு, பிறகு எண்ணி எண்ணி ஒரே அளவு தளர்த்தினால் சந்தேகமே இருக்காது. எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதற்கு மேல் போனால் லிம்ப் கழன்று வரும் அபாயம் இருக்கிறது.

இரண்டு கேம் (லிம்ப் நுனியில் நாணும் கேபிளும் சுற்றும் சக்கரம்) உள்ள வில் என்றால் கேம் டைமிங் மிக முக்கியம். வில்லை முழுக்க இழுக்கும்போது மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நேரத்தில் நின்றாக வேண்டும். ஒன்று முன்னால் நின்று மற்றொன்று பிந்தினால் நாண் விடுபடும்போது நாக் (நாணில் பூட்டும் அம்பின் வால் நுனி) மேலும் கீழும் ஆடியபடி முன்னால் வரும், அப்போது ரெஸ்ட்டை எந்த உயரத்தில் வைத்தாலும் மேல் கீழ் விலகல் போகாது. டிரா போர்டு இருந்தால் அதில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் நீங்கள் அம்பு பூட்டி, இலக்கைப் பார்த்தபடி இழுத்துப் பிடிக்க, நண்பர் ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். அம்பு இல்லாமல் இழுத்து விடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வெறும் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும், லிம்ப் உடைவது, கேம் வளைவது, நாண் அறுந்து முகத்தில் அடிப்பது எல்லாமே அதனால் நடக்கும்.

டைமிங்கைச் சரிசெய்ய கேபிளில் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று முறுக்கு ஏற்ற வேண்டும் அல்லது இறக்க வேண்டும். இதற்கு வில்லைப் பாதுகாப்பாக அழுத்தி வளைக்கும் பவ் பிரஸ் கருவி கட்டாயம். கயிறு கட்டி வளைப்பது, காலால் மிதித்து வளைப்பது போன்ற வழிகளைத் தயவுசெய்து முயன்று பார்க்காதீர்கள். உங்களிடம் பிரஸ் இல்லையென்றால் வில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இந்த ஒரு வேலையை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

கேம் சாய்வையும் அதே சமயத்தில் பார்த்துவிடலாம். ஒரு நேரான அம்பைக் கேமின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, அது நாணோடு இணையாகப் போகிறதா, விலகுகிறதா என்று பாருங்கள். லேசான சாய்வு பல வில்களில் இருக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் சாய்வு அதிகமாக இருந்தால் நாண் பக்கவாட்டில் இழுத்தபடியே முன்னால் வரும். கேபிள் நுனி இரண்டாகப் பிரியும் யோக் உள்ள வில்லில் ஒரு பக்கம் முறுக்கேற்றிச் சரிசெய்வார்கள், யோக் இல்லாத வில்லில் அச்சின் இரு பக்கமும் உள்ள ஸ்பேசர்களை மாற்றிச் சரிசெய்வார்கள்.

நாணில் அம்பு பூட்டும் இடமான நாக் பாயிண்ட்டையும் ரெஸ்ட்டையும் ஒரு நல்ல தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது சின்ன வேலைதான். ரெஸ்ட்டின் மேல் கிடக்கும் அம்பு, ரைசரில் ரெஸ்ட் மாட்டும் துளையின் நடுவை ஒட்டிப் போகட்டும். நாணோடு 90 டிகிரி இருக்கட்டும், அல்லது நாக் பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டில், ரைசரின் உள்பக்கத்திலிருந்து அம்பின் நடு வரை 13/16 அங்குலம், ஏறக்குறைய 20.6 மில்லிமீட்டர், பல வில்களுக்கு ஒத்துவரும் தொடக்க அளவு. உங்கள் வில்லின் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையை மெல்லிய பேனாவால் குறித்து வையுங்கள், பின்னால் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று பார்க்க இது தேவைப்படும்.

அம்பு கிளம்பும்போது கீழே விழுந்து வழிவிடும் ட்ராப் அவே ரெஸ்ட் என்றால் அது விழும் நேரத்தையும் பார்க்க வேண்டும். சீக்கிரமே விழுந்தால் அம்பு ஆதரவில்லாமல் தத்தளிக்கும், தாமதமாக விழுந்தால் வேன் அதில் உரசும். உரசலைக் கண்டுபிடிக்க, காலுக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை வேன்களிலும் தண்டின் பின்பகுதியிலும் அடித்து ஒரு அம்பு எய்து பாருங்கள். பவுடரில் கோடு விழுந்திருந்தால் அது எங்கே உரசுகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நாக்கைக் கொஞ்சம் திருப்பினாலே பல சமயம் அந்த உரசல் போய்விடும்.

அம்பில்தான் அதிக வேலை இருக்கிறது

வில்லைச் சரிசெய்துவிட்டு அம்பைக் கண்டுகொள்ளாதவர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில் பிராட்ஹெட் பிரச்சினைகளில் பெரும் பகுதி அம்பில் இருந்துதான் வருகிறது.

ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 400 என்று எழுதியிருந்தால் 0.400 அங்குலம் வளைகிறது என்று பொருள், 300 என்றால் 0.300 அங்குலம். எண் சிறிதாகச் சிறிதாக விறைப்பு அதிகம். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண் பாதிக் கதைதான். எய்யும் நொடியில் அந்தத் தண்டு எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு சிலவற்றைப் பொறுத்தது. டிரா வெயிட் கூடினால் தண்டு இன்னும் மெலிந்ததைப் போல வளையும், நீளம் கூடினாலும் அப்படித்தான், முன்னால் எடை கூடினாலும் அப்படித்தான். ஆகவே 100 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) முனைக்குப் பொருந்திய அம்பில் 150 கிரெயின் பிராட்ஹெட்டை மாட்டினால் நீங்கள் வேறொரு அம்பையே எய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணையில் டிரா வெயிட், அம்பின் நீளம், முனை எடை மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களுக்கு நடுவில் வந்து நின்றால், பிராட்ஹெட்டுக்கு நான் விறைப்பான பக்கத்தையே எடுப்பேன்.

மொத்த எடைக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. டிரா வெயிட்டின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயின் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட குறைந்தபட்சம், அதாவது 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின். அதற்குக் கீழே போனால் வில்லுக்கே ஆபத்து. வேட்டைக்கு அந்த எல்லையை ஒட்டி நிற்க வேண்டிய அவசியமே இல்லை. 400, 450 கிரெயின் என்று கொஞ்சம் கனமாக வைத்தால் வேகம் குறையும், சத்தமும் குறையும், பிராட்ஹெட்டும் அடங்கிப் பறக்கும். வேகத்தை மட்டும் துரத்துகிறவர்கள்தான் டியூனிங்கில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

எடை முன்பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். முனை மாட்டிய அம்பை ஒரு விரலில் சமன் செய்து, நாக்கின் பள்ளத்திலிருந்து அந்த இடம் வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து தண்டு நீளத்தின் பாதியைக் கழித்து, வருவதை முழு நீளத்தால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 28 அங்குல அம்பு 17.5 அங்குலத்தில் சமன் ஆனால், 14 ஐக் கழித்து 3.5, அதை 28 ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் பிராட்ஹெட்டுக்கு நல்லது. அதற்கு மேலும் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முன்னால் எடையை ஏற்ற ஏற்ற விறைப்பான தண்டு தேவைப்படும் என்பதை மறக்கக் கூடாது.

சரி, இப்போது எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு இடம். தண்டின் முகம் சதுரமாக இருக்கிறதா? வெட்டிய தண்டின் முனை ஒரு இழை சாய்ந்திருந்தாலும், முனையைத் திருகுவதற்காக அதில் உட்காரும் சிறு துண்டான இன்செர்ட் சாயும், இன்செர்ட்டில் ஏறும் பிராட்ஹெட்டும் சாயும். சாய்ந்த பிராட்ஹெட் சுழலும்போது வட்டமடிக்கும். தண்டின் இரண்டு முகங்களையும் சதுரமாகத் தேய்ப்பதற்கென்றே சிறிய கருவி இருக்கிறது. முகத்தில் மார்க்கரால் கருப்பு மை பூசிவிட்டு அதில் தேயுங்கள், மை முழுக்கச் சமமாகப் போனால் முகம் சதுரமாகிவிட்டது. கார்பன் தண்டைத் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இன்செர்ட்டை ஒட்டியபின் பிராட்ஹெட்டை மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு உருளைகள் உள்ள ஸ்பின்னரில் வைத்துச் சுற்றலாம், அது இல்லையென்றால் கடினமான, சமமான ஒரு பரப்பில் பிராட்ஹெட்டின் நுனியை ஊன்றி, தண்டைச் செங்குத்தாகப் பிடித்துச் சுழற்றலாம். பிராட்ஹெட்டும் தண்டும் சேரும் இடத்தில் கண்ணை வையுங்கள். அந்த இடம் அசையாமல் சுழன்றால் நல்லது. நடுங்கினால் அதே பிராட்ஹெட்டை வேறு தண்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் நடுங்கினால் பிராட்ஹெட்டில் குறை, இல்லையென்றால் தண்டில் குறை. சூட்டில் இளகும் பசையால் ஒட்டியிருந்தால் லேசாகச் சூடாக்கி இன்செர்ட்டைத் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கலாம், கார்பன் தண்டுக்கு அதிகச் சூடு மட்டும் கூடாது. எவ்வளவு முயன்றும் நடுங்கும் அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள், அதில் ஒரு நாளும் பிராட்ஹெட் மாட்ட வேண்டாம்.

தகடுகளை வேன்களோடு வரிசைப்படுத்த வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தேவையில்லை. நேராகச் சுழல்கிறதா என்பதுதான் முக்கியம்.

வேன்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நிலையான தகடுள்ள முனைக்கு, தண்டில் சாய்வாகவோ முறுக்காகவோ ஒட்டிய வேன்கள்தான் சரி, அப்போதுதான் அம்பு சீக்கிரம் சுழல ஆரம்பித்து, முன்னால் உள்ள தகடுகளின் இழுப்பைப் பின்னால் உள்ள வேன்கள் வெல்லும். நேராக ஒட்டிய குட்டை வேன்களோடு பெரிய பிராட்ஹெட்டை மாட்டிவிட்டு வில்லைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு அம்புக்கும் ஒரு எண் எழுதுங்கள். ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் தண்டைக் காதருகே பிடித்து லேசாக வளைத்து, விரிசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், விரல் நகத்தால் தடவியும் பாருங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது சிதறி வில் பிடித்திருக்கும் கைக்குள்ளேயே ஏறிவிடும்.

காகிதம் வழியாக எய்தல்

ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி இலக்கை வையுங்கள். காகிதத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தோள் உயரத்தில், ஃபீல்டு பாயிண்ட் அம்பை எய்யுங்கள். முனை போன இடத்தில் உருண்டையான துளை விழும், வேன்கள் போன இடத்தில் மூன்று கீறல்கள் விழும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. கீறல்கள் துளைக்கு மேலே இருந்தால் வால் மேலே தூக்கியபடி போகிறது, ஆகவே ரெஸ்ட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள் அல்லது நாக் பாயிண்ட்டை இறக்குங்கள். கீறல்கள் கீழே இருந்தால் இதற்கு நேர்மாறு. மேல் கீழை முதலில் முடித்துவிட்டுத்தான் பக்கவாட்டுக்குப் போக வேண்டும், இரண்டையும் ஒன்றாக நகர்த்தினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

பக்கவாட்டுக் கிழிசலுக்கு ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கும். ஸ்பைன், கேம் சாய்வு, பிடி என்று பல காரணங்கள் ஒரே மாதிரி கிழிசலைத் தருவதால் இந்தக் குழப்பம். நான் சொல்லும் வழி, ரெஸ்ட்டை ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி மூன்று அம்பு எய்யுங்கள். கிழிசல் சிறிதானால் அதே பக்கம் தொடருங்கள், பெரிதானால் திரும்புங்கள். தொடக்கத்தில் குறித்த இடத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டிவந்தால் நிறுத்திவிடுங்கள். ரெஸ்ட்டை இன்னும் தள்ளிக் கிழிசலை மறைத்துவிடலாம்தான், ஆனால் காரணம் வேறெங்கோ அப்படியே இருக்கும். பிடி, கேம் சாய்வு, வேன் உரசல், ஸ்பைன் என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள்.

இரண்டு மீட்டரில் சுத்தமான துளை வந்ததும் நான்கைந்து மீட்டருக்குப் பின்வாங்கி மறுபடி எய்யுங்கள். தண்டு வளைந்து வளைந்து போவதால் ஒரு தூரத்தில் மட்டும் தற்செயலாகச் சுத்தமாகத் தெரியலாம். ஒரு அம்பு மட்டும் தனியாகக் கிழித்தால் அதன் நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். கார்பன் தண்டு எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை, சரியான பக்கம் மேலே வந்ததும் அந்த அம்பும் மற்றவற்றோடு சேர்ந்துவிடும்.

வேன் இல்லாத வெறும் தண்டை எய்து பார்ப்பவர்களும் உண்டு. கை நிலையாக உள்ளவருக்கு அது மிகவும் நல்ல சோதனை, ஏனென்றால் தவறை நிமிர்த்த வேன்களே இல்லை. ஆனால் அதில் ஃபீல்டு பாயிண்ட் மட்டும்தான். வேன் இல்லாத தண்டில் பிராட்ஹெட்டை மாட்டி எய்யவே கூடாது, அது எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி பிராட்ஹெட்

ஃபீல்டு பாயிண்ட்டும் பிராட்ஹெட்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். பெட்டியில் 100 கிரெயின் என்று போட்டிருந்தாலும் தராசில் வைத்துப் பாருங்கள். பிராட்ஹெட்டைக் கையால் திருகாதீர்கள், அதற்கென்று உள்ள ரெஞ்சைப் பயன்படுத்துங்கள், அம்பை எடுக்கும்போதும் தகடு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே எடுங்கள். இலக்கு பிராட்ஹெட்டைத் தாங்கும் ஃபோம் இலக்காக இருக்கட்டும். துணி அடைத்த பை இலக்கு ஒரே நாளில் கிழிந்துவிடும், பிராட்ஹெட்டும் அதில் சிக்கிக்கொண்டு வெளியே வராது.

சுமார் 18 மீட்டரில் ஆரம்பியுங்கள். ஒரு புள்ளியைப் பார்த்து ஃபீல்டு பாயிண்ட் மூன்று எய்யுங்கள். அதே புள்ளியைப் பார்த்து பிராட்ஹெட்டை ஒவ்வொன்றாக எய்து, எங்கே குத்தியது என்று குறித்துவிட்டு எடுத்துவிடுங்கள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை எய்தால் வேனும் தண்டும் வெட்டுப்படும். ஒரு அம்பை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். மூன்றின் நடுவை எடுத்துக்கொண்டு, அந்த நடுவுக்கும் ஃபீல்டு பாயிண்ட்களின் நடுவுக்கும் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று பாருங்கள்.

இங்கே விதி தெளிவானது, வலது கை, இடது கை என்ற வித்தியாசமும் இல்லை. பிராட்ஹெட் விழுந்த இடத்திலிருந்து ஃபீல்டு பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ, ரெஸ்ட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். பிராட்ஹெட் இடது பக்கம் விழுந்தால் ரெஸ்ட் வலது பக்கம் போக வேண்டும். பிராட்ஹெட் கீழே விழுந்தால் ரெஸ்ட்டை உயர்த்த வேண்டும், மேலே விழுந்தால் இறக்க வேண்டும். இங்கேயும் மேல் கீழ் முதலில், பக்கவாட்டு அப்புறம். ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் போதும், பல சமயம் அதற்கும் குறைவே போதும். நகர்த்தியதும் இரண்டு வகையையும் மறுபடி எய்ய வேண்டும், ஏனென்றால் ரெஸ்ட் நகரும்போது ஃபீல்டு பாயிண்ட்டும் கொஞ்சம் இடம் மாறும். அவை குறியை விட்டு விலகுவதைப் பார்த்து பயந்து நடுவில் சைட்டைத் தொட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்று சேரும் வரை சைட் அப்படியே இருக்கட்டும்.

18 மீட்டரில் சேர்ந்ததும் 27, பிறகு 36 மீட்டருக்குப் போங்கள். கிட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத விலகல் தூரத்தில் பெரிதாகத் தெரியும், அதனால் கடைசி நுணுக்கமான நகர்த்தல்களை அங்கேதான் செய்ய வேண்டும். உங்கள் ஃபீல்டு பாயிண்ட்களே அந்தத் தூரத்தில் சிதறினால் அங்கே டியூன் செய்வதில் பயனில்லை, நன்றாகக் குத்தும் தூரத்துக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

ரெஸ்ட்டை நகர்த்தியும் பக்கவாட்டு இடைவெளி ஒரு அளவுக்குக் கீழே குறையாமல் அடம்பிடித்தால் டிரா வெயிட்டை மாற்றிப் பாருங்கள். இரண்டு லிம்ப் போல்ட்டையும் ஒரே அளவு, கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்தி எய்யுங்கள். இடைவெளி குறைந்தால் தண்டின் விறைப்பு போதவில்லை என்று பொருள். அதே குறைந்த எடையில் இருந்துவிடலாம், இல்லையென்றால் இன்னும் விறைப்பான தண்டுக்கு மாறலாம். எண் போட்ட அம்புகளில் ஒன்றே ஒன்று ஒவ்வொரு முறையும் வெளியே போனால் வில்லைத் தொடாதீர்கள், அந்த அம்பை மட்டும் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள், நாக்கைத் திருப்பிப் பாருங்கள். அப்படியும் திருந்தவில்லையென்றால் அதைத் தள்ளி வைக்க வேண்டியதுதான்.

இரண்டு வகையும் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்த பிறகு சைட்டை எடுத்து எல்லாத் தூரத்துக்கும் புதிதாக அமையுங்கள். ரெஸ்ட்டின் திருகுகளை இறுக்கி, அதன் நிலையையும் நாக் பாயிண்ட்டையும், லிம்ப் நுனியில் கேம் நிற்கும் நிலையையும் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அச்சுத் தூரம், பிரேஸ் ஹைட், டிரா வெயிட், அம்பின் மொத்த எடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

பயிற்சியில் எய்த தகடுகள் மழுங்கியிருக்கும். வேட்டைக்கு அவற்றைத் தீட்டவோ மாற்றவோ வேண்டும், மாற்றியபின் ஒவ்வொரு அம்பையும் மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும். வில்லை மூடிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவைத்தால் நாணும் கேபிளும் நீளும், அதோடு டைமிங்கும் மாறும். வெளியே கிளம்பும் முன் மார்க்கர் கோடுகளைப் பாருங்கள், 18 மீட்டரில் ஒரு ஃபீல்டு பாயிண்ட்டும் ஒரு பிராட்ஹெட்டும் எய்யுங்கள். கோடுகள் நகர்ந்திருந்தாலோ இரண்டு அம்புகளும் பிரிந்து விழுந்தாலோ, முதலில் நாணின் நீளத்தையும் கேம் டைமிங்கையும் சரிபார்த்துவிட்டு மறுபடி காகிதத்திலிருந்து தொடங்குங்கள்.